ஹாம் செட்டை எங்கே வைப்பது? திறந்த மேசை, அடுக்கு, அலுமாரி, தூக்குப் பெட்டி: கொழும்பு வீடுகளுக்கான ஒப்பீடு

ஹாம் என்பவர் லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்கிறவர், ஹாம் செட் என்பது அவர் அனுப்பவும் கேட்கவும் பாவிக்கிற ரேடியோ. லைசென்ஸ் எடுத்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வாங்கி, செட்டை வெளிநாட்டிலிருந்து இறக்கி, சுங்கத்தில் நின்று எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, இதை மேசையில அப்படியே வைக்கிறதா, அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறதா?" வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. இரண்டு ஒழுங்கை தாண்டினால் கடல், மேசை வைக்கக் கிடைப்பது படுக்கை அறையின் ஒரு மூலை, செட் பழுதானால் இன்னொன்று எடுக்க மறுபடியும் அனுமதி, சுங்கம், காத்திருப்பு.

வெளிநாட்டு ஹாம்கள் தங்கள் மேசையைக் காட்டும் படங்களைப் பார்த்து அப்படியே செய்யப் போனால் இங்கே சரிவராது. குளிர் நாட்டில், வருசத்தில் பாதிநாள் ஹீற்றர் ஓடுகிற காய்ந்த அறைக்குப் பொருந்துகிற ஏற்பாடு வேறு, காலி வீதித் தூசியும் உப்புக்காற்றும் ஒன்றாக வருகிற அறைக்குப் பொருந்துவது வேறு. அதனால் நாலு வழிகளை எடுத்து, கொழும்புக்கு என்று வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

செட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓன் பண்ணுவீர்கள்? மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். காரணம் சூடு. 30 பாகையில் 80 வீதம் ஈரப்பதன் உள்ள காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீரை நீங்கள் வெளியே எடுக்கவில்லை, சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்குகிறது, அவ்வளவுதான். 100 வாட் எச்எஃப் (சிற்றலை) செட் ஒன்று சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஏறத்தாழ 1 அம்பியர் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 14 வாட் அளவு சூடு. தினமும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஓடுகிற செட் தன்னைத் தானே காயவைத்துக்கொள்கிறது. மாதக் கணக்கில் மூடிக் கிடக்கிற செட்டில்தான் வொல்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வரும், உள்ளே இருக்கிற ரிலே சுவிட்ச் ஒட்டும், ஏரியல் வயரின் பிஎல்-259 பிளக் பச்சை பிடிக்கும்.

அடுத்தது கடலும் ஏசியும். உப்பு படிந்த உலோகம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கடலோரம் போகிற மரைன் டிரைவ் பக்கம் யன்னல் உள்ள அறைக்கும் கொட்டாஞ்சேனையில் உள்ளொழுங்கை அறைக்கும் ஒரே தீர்வு இல்லை. ஏசி அறையில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. ஓடும்வரை காற்று காய்ந்துதான் இருக்கும். ஆனால் 30 பாகை, 80 வீதம் ஈரப்பதன் உள்ள வெளிக்காற்று 26 பாகைக்குக் கிட்டக் குளிர்ந்தாலே பனித்துவிடும். ஏசியை 24-இல் போட்டு இரவு முழுக்கத் தூங்கி, காலையில் நிறுத்திய கையோடு யன்னலைத் திறந்தால் அந்தக் காற்று நேரே உங்கள் செட்டின் அலுமினிய உடம்பில் நீராக இறங்கும். எந்த ஏற்பாட்டை எடுத்தாலும் ஏசி அறை என்றால், அறை சூடாகும்வரை யன்னலைத் திறக்காத பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, இடி முழங்கும்போது எத்தனை நிமிசத்தில் ஏரியலையும் பிளக்கையும் கழற்ற முடியும் என்பது. இதற்குத் தனியாகக் கீழே வருகிறேன். அப்புறம் சூடு வெளியேற வழி, செட்டின் பின்பக்கத்துக்குக் கை போகுமா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, வீடு சொந்தமா வாடகையா. இவை சொல்லாமலே புரியும்.

## திறந்த மேசை

செட், பவர் சப்ளை, மைக், மோர்ஸ் கீ, கணினி எல்லாம் ஒரு மேசையில், மேலே ஒரு துணி. செலவு கிட்டத்தட்ட இல்லை, இன்றே தொடங்கலாம், சூடும் தாராளமாக வெளியேறும். தினமும் ஓன் பண்ணுகிறவருக்கு இது கெட்ட தெரிவே இல்லை.

செலவு பிறகுதான் தெரியும். சின்ன மேசையில் இடம் போதாமல் செட்டுக்கு மேலே பவர் சப்ளை, அதற்கு மேலே டியூனர் (ஏரியலைச் செட்டோடு பொருத்துகிற பெட்டி) என்று ஏறத் தொடங்கும். பல செட்டுகளுக்கு ஸ்பீக்கரும் காற்றுத் துவாரமும் மேல்மூடியில்தான் இருக்கின்றன, அதை மூடினால் சத்தமும் போகும், சூடும் உள்ளேயே நிற்கும். பழைய டிரான்ஸ்போமர் வகைப் பவர் சப்ளை என்றால் அதன் காந்தப் புலம் பக்கத்தில் இருக்கும் மைக் வயரில் இரைச்சலாக ஏறும். வயர்கள் மேசைக்குப் பின்னால் ஒரு கொத்தாகி, எது எதற்குப் போகிறது என்று தெரியாமல் போய்விடும்.

மூடுகிற துணி பருத்தியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை தூசியை நிறுத்தும், ஆனால் உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. எந்தத் துணியானாலும் செட் ஆறின பிறகுதான் போட வேண்டும். பல்லியும் எறும்பும் சூடான இடம் தேடி வரும் என்பதை மறக்கவேண்டாம். பல்லி எச்சம் பலகையில் விழுந்து செம்புத் தடம் அரித்த செட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பின்பக்க விசிறித் துவாரத்தைத் தவிர மற்றத் திறந்த துவாரங்களுக்கு நைலோன் நுளம்பு வலைத் துண்டு போதும். விசிறிக்கு வலை போட்டால் தூசி அடைத்துக் காற்று குறையும்.

## மேசைமேல் அடுக்கு

என்னைக் கேட்டால் கொழும்பில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான். மேசையின் மேலே, சுவரிலிருந்து தள்ளி நிற்கிற, பின்பக்கம் பலகை அடிக்காத இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் அடிக்கடி தொடுகிற செட், கண்ணுக்கு நேராகத் திரை, மேல்தட்டில் ஏரியல் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீற்றர், டியூனர் போன்ற இடைக்கிடை தொடுகிறவை. பவர் சப்ளை மேசைக்குக் கீழே, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். மழைத் தண்ணீர் உள்ளே வந்தாலும், தரை கழுவினாலும் அதற்கு எட்டாது.

அளவு சொல்கிறேன். ஐகொம் ஐசி-7300 போன்ற செட் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் அகலம், 24 ஆழம், 9.5 உயரம், 4.2 கிலோ. இதற்கு 30 சென்ரிமீற்றர் ஆழமான தட்டு போதும் என்று தச்சு பாஸ் சொல்வார், கேட்கவேண்டாம். பின்னால் பிஎல்-259 நீட்டி நிற்கும், ஏரியலுக்குப் போகும் கோக்ஸ் வயர் சட்டென்று மடங்கக்கூடாது, விசிறிக்கும் இடம் வேண்டும். 40 வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற அளவு, 15 சென்ரிமீற்றராவது விடுங்கள். இதில் விடுகிற இடத்தை வீண் என்று நினைக்கவேண்டாம். பின்பக்கத்தைப் பார்க்க முடிகிற செட்டுக்குத்தான் துரு ஏறுவதும் நட் தளர்வதும் நேரத்துக்குத் தெரியவரும்.

எதால் செய்வது? மெலமைன் பலகை மலிவு, பார்க்கவும் வடிவு, ஆனால் ஓரத்து ஒட்டு உரிந்தால் ஈரம் குடித்து ஊதும், பாரத்துக்கு நடுவில் தொய்யும். 18 மில்லிமீற்றர் பிளைவூட் நல்ல தெரிவு, வெட்டின ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்தால் ஈரம் லேசில் ஏறாது. கடையில் சாமான் அடுக்க விற்கிற துளையிட்ட இரும்பு அங்கிள் ராக்கை, உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகப் பலர் எடுக்கிறார்கள். கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு அது சரி. கடற்கரைப் பக்கம் வெட்டின நுனியிலிருந்து துரு தொடங்கும். அங்கே அலுமினிய அங்கிள்தான், விலை கூடினாலும். உலோக அடுக்கில் இன்னொரு நன்மை, அதை எர்த்தோடு இணைக்கலாம். இணைக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, நட்டைப் பூட்டின பிறகு மேலே கிரீஸ் பூச வேண்டும்.

மறைந்திருக்கிற செலவு வயரில். செட்டும் பவர் சப்ளையும் தள்ளிப் போகும்போது டிசி வயர் நீளும், 100 வாட்டில் அனுப்பும்போது அதில் 21 அம்பியர் ஓடும். 3 மீற்றர் தூரத்துக்குச் சாதாரண வீட்டு வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் போக வர இரண்டு கம்பியிலும் சேர்த்து 0.9 வோல்ட் அளவு விழுந்துவிடும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.4. பவர் சப்ளையில் 13.8 இருக்கும்வரை முதலாவதும் சமாளிக்கும். பற்றரியில் ஓடும்போது, அதுவும் பிளக்கில் கொஞ்சம் பச்சை பிடித்திருந்தால், பேசத் தொடங்கிய உடனே செட் அணைந்து அணைந்து திரும்ப ஓன் ஆகும். அடுக்குப் பலகையில் மிச்சம் பிடித்து வயரில் செலவழியுங்கள், இரண்டு கம்பிக்கும் பியூஸ் பற்றரி அல்லது சப்ளைப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தூசியும் உப்பும் இதில் தடைப்படாது என்பது உண்மை. மாதம் ஒருமுறை காய்ந்த தூரிகையால் தட்டி, கனெக்டர்களைக் கழற்றித் துடைக்கத் தயார் இல்லாதவர் அடுத்ததைப் பார்க்கலாம்.

## கதவுள்ள அலுமாரி

கடலுக்கு முகம் வைத்த வீடு, வாரக்கணக்கில் செட்டைத் தொடாதவர், ஓடித் திரிகிற பிள்ளைகள். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் அலுமாரிதான். உப்புக்காற்று நின்றுவிடும், பூட்டலாம், விருந்தாளி வந்தால் கதவைச் சாத்தினால் ஹோல் ஹோலாகவே இருக்கும்.

ஆனால் வெறுமனே மூடின அலுமாரி திறந்த மேசையைவிட மோசம். உள்ளே போன ஈரம் அங்கேயே நிற்கும், பலகையும் ஈரம் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊரில் கமரா வைத்திருந்தவர்கள் முன்பெல்லாம் அலுமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்றை எரியவிடுவார்கள். அதே வேலைதான் இங்கேயும். 15 வாட் இழை பல்ப், பீங்கான் ஹோல்டர், சுற்றிவரக் கம்பிக் கூடு, பலகையிலிருந்து தள்ளி. உள்ளே நாலைந்து பாகை கூடினாலே போதும் என்பதை மேலே பார்த்தோம். 24 மணித்தியாலமும் எரிந்தால் மாதம் 11 யூனிட் அளவு கரண்ட் பில்லில் ஏறும், அதை அலுமாரியின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். எல்ஈடி பல்ப் இந்த வேலைக்கு உதவாது, அதில் போதிய சூடு வராது. சிலிக்கா ஜெல்லும் வைக்கலாம், ஆனால் இடுக்கு உள்ள மர அலுமாரியில் அது சில நாளிலேயே நிரம்பிவிடும். நீலம் வெளிர் சிவப்பாக மாறினதும் 120 பாகைச் சூட்டில் ஓவனில் இரண்டு மூன்று மணித்தியாலம் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். அதைத் தவறாமல் செய்வீர்களா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். பல்ப் யாருடைய ஞாபகத்தையும் நம்பி இருப்பதில்லை.

இனிச் சூட்டின் மறுபக்கம். 100 வாட் அனுப்ப செட் 290 வாட் இழுக்கிறது, மிச்சம் 190 வாட் சூடாகத்தான் போக வேண்டும். எஸ்எஸ்பியில், அதாவது குரலில் பேசினால் சராசரி குறைவு, பயமில்லை. கணினி வழியாகச் சின்னச் செய்தி அனுப்புகிற எஃப்டி8-இல் 15 செக்கனுக்கு 12.6 செக்கன் முழு வலுவில் போகும், ஒன்றுவிட்டு ஒரு சுற்று என்றாலும் மொத்த நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அனுப்பல்தான். இதைச் சாத்தின அலுமாரிக்குள் செய்யவே கூடாது. பாவிக்கும்போது கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், முடிந்தால் கீழே வலை அடித்த ஒரு துவாரம், மேலே 12 வோல்ட் கணினி விசிறி ஒன்று. எஃப்டி8-க்கு 30 வாட் தாராளம், குறைத்து வையுங்கள்.

அலுமாரியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: பின்பக்கம். செட்டை இழுத்தால்தான் ஏரியல் வயரைக் கழற்றலாம் என்ற நிலை வந்தால் யாரும் கழற்றமாட்டார்கள். பாஸிடம் சொல்லும்போதே பின்பலகையில் ஒரு பெரிய ஓட்டை வெட்டி, வயர்களை வெளியே இறக்கி, கழற்றும் இடத்தை யன்னல் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

## தூக்குப் பெட்டி

செட், பற்றரி, மீற்றர், மைக் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் பூட்டி, மூடியைத் திறந்தால் நிலையம் தயார். வாடகை வீட்டில் வருசத்துக்கு வருசம் மாறுகிறவர்களுக்கும், சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடாதவர்களுக்கும், ஏரியலை மொட்டை மாடியில் கட்டிப் பாவித்துவிட்டுக் கழற்றுகிறவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. 2004 சுனாமிக்குப் பின் அம்பாந்தோட்டைக்குப் போய்க் கொழும்போடு சிற்றலையில் தொடர்பு கொடுத்தவர்கள் நம் நாட்டு ஹாம்கள். தேவை வரும்போது தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடிய செட்டுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோதும் அதே கதைதான். 20 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரி ஒன்று, கேட்பதற்கு மட்டும் என்றால், கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும்.

ரப்பர் வளையம் போட்டு இறுக மூடுகிற பெட்டியில் ஒரு வில்லங்கம். காலிமுகத்திடலில் மூடும்போது உள்ளே போன ஈரக்காற்று பெட்டிக்குள்ளேயே வீட்டுக்கு வரும், ஏசி அறையில் வைத்தால் செட்டின் மேலேயே பனிக்கும். வீட்டுக்கு வந்ததும் திறந்து, செட்டை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, ஆறவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடுவதுதான் முறை. இறுகின பெட்டியில் சிலிக்கா ஜெல் உண்மையாகவே வேலை செய்யும், அலுமாரிபோல் இல்லை. எதிர்த்திசையும் உண்டு: ஏசி காரிலிருந்து இறக்கின பெட்டியை வெளியில் சூடாகும்வரை திறக்கக்கூடாது.

மற்றச் செலவுகள்: செட்டின் பின்பக்க சொக்கெற் அடிக்கடி கழற்றிப் பூட்டினால் தேயும், அதனால் குட்டி வயர் ஒன்றை நிரந்தரமாகப் பூட்டி அதன் நுனியில் கழற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து 12 கிலோ தாண்டினால் நாலாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாத வீட்டில் பெட்டி கட்டிலுக்குக் கீழே போய் அங்கேயே இருந்துவிடும்.

## எதை எடுத்தாலும்: மின்னலும் எர்த்தும்

கொழும்பில் இடி மழை மும்முரமாவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பெரும்பாலும் பின்னேரங்களில். அந்த நேரம் நீங்கள் வேலைத்தலத்தில் அல்லது காலி வீதி டிரஃபிக்கில் இருப்பீர்கள். அதனால் வானத்தைப் பார்த்துக் கழற்றுவது என்ற பேச்சே வேண்டாம். பேசி முடித்ததும் ஒவ்வொரு முறையும் கழற்றுங்கள், வீட்டில் இருக்கிற இன்னொருவருக்கும் காட்டிக்கொடுங்கள்.

கழற்றும் இடம் முக்கியம். செட்டுக்குப் பின்னால் கழற்றி, வயர் நுனியை மேசைக்குக் கீழே போட்டால் மின்னல் வீட்டுக்குள்தான் இருக்கிறது. யன்னலில் ஒரு அலுமினியத் தகடு, அதில் இருபக்கமும் பூட்டுகிற கோக்ஸ் இணைப்பு, மின்னல் தடுப்பான், அந்தத் தகட்டிலிருந்து தடித்த எர்த் கம்பி. வெளிப்பக்க வயரை அங்கே கழற்றி வெளியிலேயே விடுங்கள். கணினிக்குப் போகும் யூஎஸ்பி, ரவுட்டர் வயர், சுவர் பிளக் ஆகியவையும் மின்னலுக்கு வழிதான். எல்லா பிளக்கையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் எடுத்தால் ஒரே இழுப்பில் முடிந்தது. பழைய வீடுகளில் 5, 15 அம்பியர் வட்டப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து இருக்கும், மாற்றி மேல் மாற்றி போட்டு இழுக்காமல் எர்த் உள்ள ஒரு 13 அம்பியர் சொக்கெற் அடித்துக்கொள்ளுங்கள்.

ஏரியலுக்கென்று தனியாக ஒரு எர்த் கம்பி அடித்து, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. மின்னல் நேரம் இரண்டுக்கும் இடையில் வருகிற வோல்ட் வித்தியாசம் உங்கள் செட்டின் ஊடாகத்தான் சமப்படும். இரண்டையும் இணைக்கிற வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியன் செய்யட்டும். தொடர்மாடியில் மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறக்கின நீளக் கம்பி ரேடியோ அலைக்கு எர்த் ஆகாது. 14 மெகாஹேர்ட்ஸில் கால் அலைநீளமே 5 மீற்றர்தான், அந்த நீளத்தில் கம்பி எர்த்தைத் துண்டித்ததுபோல் நடந்துகொள்ளும். மைக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் கோக்ஸில் ஃபெரைட் வளையம் போடுங்கள், சமச்சீர் ஏரியலுக்கு மாறுங்கள்.

## யாருக்கு எது

தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓன் பண்ணுகிறவர், கடலிலிருந்து சில ஒழுங்கை உள்ளே: அடுக்கு. இப்போதுதான் தொடங்குகிறவர், பொழுதுபோக்கு எவ்வளவு ஒட்டும் என்று இன்னும் தெரியாதவர்: திறந்த மேசையும் பருத்தித் துணியும், ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். மரைன் டிரைவ் முகப்பு, சனி ஞாயிறு மட்டும், அல்லது வெளிநாடு போய் வருகிறவர்: பல்ப் போட்ட அலுமாரி. வாடகை வீடு, நிரந்தர ஏரியல் இல்லை: பெட்டி.

இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் பாஸைக் கூப்பிட முன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சின்ன டிஜிட்டல் ஈரப்பதன்மானி ஒன்று வாங்கி, செட் வைக்க நினைக்கிற மூலையில் ஒரு மாதம் வையுங்கள், முடிந்தால் மழைக்காலத்தில். இரவிலும் விடியலிலும் பாருங்கள். 70 வீதத்துக்குக் கீழேயே நின்றால் அடுக்கு போதும். 80-ஐத் தாண்டி நின்று, நீங்கள் செட்டைத் தினமும் தொடுகிறவரும் இல்லையென்றால், அலுமாரிக்கு அளவு எடுக்கச் சொல்லுங்கள், பின்பலகை ஓட்டையை மறக்காமல்.